கல்லீரல் காட்டும் குறி

பிள்ளைக்கு ஓர் இடர் நேர்ந்தது என்று கேட்ட அளவிலே தாய் சொல்லும் சொல் ஒன்று தமிழ்நாட்டு ஊர்களில் உண்டு. “ஈரக்குலை நடுங்கிப்போயிற்று” என்பாள் அவள். நெஞ்சு நடுங்கிற்று என்னாமல் ஈரலை ஏன் சொன்னாள் என்று எவரும் வினவுவதில்லை. உயிரின் வேர் ஈரலில் இருக்கிறது என்று முன்னோர் கருதினர் போலும். அக்கருத்து முற்றும் பிழையன்று. இதயம் நின்றால் உயிர் உடனே போகும். கல்லீரல் நின்றால் சில நாட்களில் போகும். வேறுபாடு அவ்வளவே.

கல்லீரல் வயிற்றின் வலப்பக்கத்தில், விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. வளர்ந்த மனிதனிடத்தில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடை உள்ளது. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் குருதியில் நான்கில் ஒரு பங்கு அதன் வழியாகவே பாய்கின்றது. குடலில் செரித்த உணவின் சாரத்தை ஏந்தி வரும் குருதி, உடலின் வேறெங்கும் செல்லுமுன் முதலில் கல்லீரலுக்கே வந்து சேருகிறது. உண்டபின் மிகுந்த சர்க்கரையை அது வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உண்ணாத வேளையில் சிறிது சிறிதாகக் குருதியில் விடுகின்றது. பித்தநீரைச் சுரப்பதும் அதன் தொழிலே. புரதம் சிதைவதால் தோன்றும் அம்மோனியா என்னும் நச்சுப் பொருளை அது யூரியாவாக மாற்றி, சிறுநீரோடு வெளியேறச் செய்கிறது. உட்கொள்ளும் மருந்துகளுள் பலவும் அங்கேதான் சிதைந்து தீர்கின்றன. இவை யாவற்றினும் இப்பாடத்திற்கு மிக வேண்டுவது மற்றொன்று. காயம் பட்ட இடத்தில் குருதி உறைவதற்குத் தேவையான புரதங்களுள் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் ஆக்கித் தருகின்றது. அது தளர்ந்தால் குருதி உறையும் ஆற்றலும் தளரும்.

இத்துணைத் தொழில்களையும் செய்யும் இவ்வுறுப்பு ஓசையின்றி இருப்பது. இதயத்தின் துடிப்பை எவரும் உணரலாம்; மூச்சை எண்ணலாம். கல்லீரல் ஒன்று தன்னிடம் இருப்பதையே நலமுள்ள ஒருவன் அறிவதில்லை. நலமுள்ள சிறுவனின் வயிற்றில் கைவைத்துப் பார்க்கும் மருத்துவருக்கும் அது பெரும்பாலும் விரலுக்கு எட்டாது. எட்டினாலும் அதன் மெல்லிய விளிம்பே எட்டும். அது விலாவைக் கடந்து கீழே இறங்கி வந்து கையில் தட்டுப்படுமாயின், உள்ளே ஏதோ நிகழ்கின்றது என்று பொருள். அவ்வாறு கல்லீரல் வெளிவந்து குறி காட்டும் நோய்களுள் ஒன்று டெங்குக் காய்ச்சல்.

டெங்கு புதிய நோயன்று. 1780-ஆம் ஆண்டிலேயே சென்னையில் அதனை ஒத்த காய்ச்சல் பரவியதாகக் குறிப்பு உண்டு. அதே 1780-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பரவிய காய்ச்சலைப் பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவர் விரித்து எழுதினார். எலும்பை முறிப்பது போன்ற வலி உண்டாதலின் மக்கள் அதனை எலும்பு முறிக்கும் காய்ச்சல் என்றே அழைத்தனர். ஆயினும் நெடுங்காலம் அது கொல்லும் நோயாகக் கருதப்படவில்லை. ஒரு வாரம் வருத்திவிட்டுப் போய்விடும் காய்ச்சல் என்பதே பொதுக் கருத்து.

அக்கருத்தை மாற்றியவை தென்கிழக்காசிய நகரங்கள் இரண்டு. 1954-இல் பிலிப்பைன்சின் மணிலாவிலும், 1958-இல் தாய்லாந்தின் பாங்காக்கிலும் குழந்தைகளிடையே ஒரு கொடிய காய்ச்சல் தோன்றியது. காய்ச்சலோடு மூக்கிலும் ஈறிலும் குருதி கசிந்தது; சிலர் குருதியாக வாந்தி எடுத்தனர்; நாடி ஒடுங்கி, கைகால் சில்லிட்டுக் குழந்தைகள் மாண்டனர். பாங்காக்கில் அவ்வோராண்டில் மட்டும் நோயுற்றோர் 2,000-க்கும் மேற்பட்டவர். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் இறந்தனர். நோய் இன்னதென்றே முதலில் விளங்கவில்லை. வில்லியம் ஹாமன் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தோரும் அக்குழந்தைகளின் குருதியை ஆராய்ந்து, அதில் டெங்குவை உண்டாக்கும் வைரஸே இருக்கக் கண்டனர். டெங்கு வைரசில் இரண்டு வகையே அதுவரை அறியப்பட்டிருந்தது. அவ்வாய்வால் மூன்றாவதும் நான்காவதும் தெரியவந்தன. பல நாடுகளில் பெரியோரைப் படுக்கவைத்து எழுப்பிவிட்ட அதே நோய், இங்கே சிறுவரைக் கொன்றது.

எவ்வாறு கொன்றது என்பதைக் காண ஒரே வழிதான் அக்காலத்தில் இருந்தது. அது துயரமான வழி. இறந்த குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்து அறிதல் வேண்டும். பாங்காக்கில் நத் பமரப்பிரவதி என்னும் நோய்க்கூற்று அறிஞரும் அவருடைய துணைவர்களும் அப்பணியை ஏற்றனர். அவ்வாறு ஆராய்ந்த 100 உடல்களைப் பற்றிய அவர்களுடைய அறிக்கை 1967-இல் வெளிவந்தது. ஒவ்வொரு உடலுக்குப் பின்னும் ஒரு வீடு இருந்தது என்பதை அறிக்கை கூறாது. அறிவியல் அறிக்கைகள் அவ்வாறு கூறும் வழக்கமில்லை. ஆயினும் பிள்ளையை இழந்த பெற்றோர் அவ்வுடலை மருத்துவரிடம் விட்டுச் சென்றதனாலேயே பின்வந்த பிள்ளைகள் பிழைக்க வழி பிறந்தது என்பதை மறத்தல் ஆகாது.

அவ்வுடல்களில் கல்லீரலின் நடுப்பகுதிகளில் ஆங்காங்கே உயிரணுக்கள் மடிந்து கிடந்தன. மஞ்சள் காய்ச்சலில் காணப்படும் சிதைவை ஒத்த அடையாளங்கள் அவற்றில் தென்பட்டன. மஞ்சள் காய்ச்சல் வைரசும் டெங்கு வைரசும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் பரப்புவது ஒரே கொசு. உறவினர் இருவரும் ஒரே உறுப்பைத் தேடிச் செல்வதில் வியப்பில்லை. ஆனால் மஞ்சள் காய்ச்சலில் கல்லீரலின் அழிவே பலரையும் கொல்கின்றது. டெங்குவிலோ பெரும்பாலான குழந்தைகளின் கல்லீரலில் காணப்பட்ட சிதைவு, உயிரைப் போக்கும் அளவு பெரிதாக இல்லை. அப்படியாயின் அவர்கள் எதனால் இறந்தனர்?

விடை குருதிக் குழாய்களில் இருந்தது. அக்குழாய்களின் சுவர் கிழிந்துவிடவில்லை, ஆனால் கசிந்தது. குருதியின் நீர்ப்பகுதி மெல்ல மெல்ல வெளியேறி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்கியது. உள்ளே எஞ்சிய குருதி தடித்துக் குறுகியது. இதயம் தள்ளுவதற்குப் போதிய குருதி இல்லாமற் போகவே, உறுப்புகள் ஒவ்வொன்றும் வாடின. வரப்பு உடைந்து நீர் வெளியேறிய வயலில் பயிர் வாடுவது போன்றது இது.

இதனைப் படுக்கையருகே நின்று கண்டு நெறிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் சுசித்ரா நிம்மானித்யா என்னும் பெண் மருத்துவர். பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரிந்த அவ்வம்மையார், நோய் எந்நாளில் எந்நிலையை அடைகின்றது என்பதைப் பல்லாண்டு பொறுமையோடு குறித்து வந்தார். உலக நல நிறுவனம் 1975-இல் வெளியிட்ட வழிமுறைகளுக்கு அக்குறிப்புகளே அடிப்படையாயின. குருதிக்கசிவுடைய டெங்குவை மருத்துவர் தம் கண்ணாலும் கையாலும் அறிவதற்கு நான்கு குறிகள் வகுக்கப்பட்டன. திடீரென எழும் கடுங்காய்ச்சல் ஒன்று. குருதிக் கசிவு ஒன்று. கல்லீரல் வீக்கம் ஒன்று. நாடி ஒடுங்கும் அதிர்ச்சி நிலை ஒன்று. தாய்லாந்துக் குழந்தைகளில் நூற்றுக்குத் 90 முதல் 98 பேர்வரை நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் கல்லீரல் வீங்கியிருந்தது. பிற நாடுகளில் இவ்வளவு மிகுதியாகக் காணப்படுவதில்லை.

நோயின் போக்கை விளங்கிக்கொள்ள, பாங்காக்கின் கால்வாய்க் கரையில் வாழும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் கற்பனைச் சிறுவனே. ஆனால் அவனைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் அம்மருத்துவமனைக்கு வந்துள்ளனர்.

முதல் நாள் மாலை அவனுக்குக் காய்ச்சல் எழுகின்றது. இரவுக்குள் 104 பாகையைத் தொடுகின்றது. முகம் சிவக்கிறது, தலையும் கண்ணின் பின்புறமும் வலிக்கின்றன. சளியோ இருமலோ பெரிதாக இல்லை. இரண்டாம் நாள் உணவைக் கண்டால் குமட்டுகிறது. மூன்றாம் நாள் வாந்தி எடுக்கிறான்; வயிறு வலிக்கிறது என்று வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டுகிறான். தாய் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறாள். மருத்துவர் அவனைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் செய்து, தம் விரல்களை வயிற்றின் கீழ்ப்புறத்திலிருந்து மெல்ல மேல்நோக்கி நகர்த்துகிறார். சிறுவன் மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே இரண்டு விரற்கடை அளவில் ஒரு மென்மையான விளிம்பு வந்து அவர் விரலில் படுகின்றது. அழுத்தினால் சிறுவன் முகம் சுளிக்கிறான். மருத்துவர் தாளில் குறித்துக்கொள்கிறார். எளிய செயல்தான், இதற்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கல்லீரல் வீங்கியிருத்தலை, நோய் கடுமையாகக் கூடும் என்று முன்னரே எச்சரிக்கும் குறிகளுள் ஒன்றாக உலக நல நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறியும் வைத்துள்ளது. நீங்காத வயிற்றுவலியும் விடாத வாந்தியும் அவ்வரிசையில் அடங்கும்.

சிறுவனின் கண் மஞ்சளாக இல்லை. இது கருதத்தக்கது. கல்லீரல் நோய் என்றாலே மஞ்சட்காமாலை என்று எண்ணுவது மக்கள் வழக்கம். டெங்குவில் கல்லீரல் தாக்குண்ட குழந்தைகளிலும் பலருக்குக் காமாலை தோன்றுவதே இல்லை. கண் வெளுத்திருக்கின்றது, ஆதலின் ஈரலுக்குக் கேடில்லை என்று முடிவு செய்தோர் ஏமாந்தது உண்டு.

கண்ணுக்குத் தெரியாததைக் குருதிச் சோதனை காட்டிக் கொடுக்கும். கல்லீரல் உயிரணுவுக்குள் நொதிகள் சில இருக்கின்றன. உயிரணு நைந்தால் அவை குருதியில் வந்து கலக்கும். அவற்றுள் இரண்டினை மருத்துவர் அளக்கின்றனர். நலமுள்ளவரிடத்தில் அவை ஏறத்தாழ 40 அலகுக்குள் அடங்கியிருக்கும். டெங்குக் குழந்தைகளிடத்தில் நூறு, இருநூறு என ஏறுவது பொதுவாகக் காணப்படுவது. இவ்விரண்டனுள் ஏ.எஸ்.டி. என்பது தசையிலும் உள்ளது, ஏ.எல்.டி. என்பது பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது. மற்ற வைரஸ்களால் வரும் ஈரல் அழற்சியில் பின்னதே பொதுவாக மிகுதியாக ஏறும். டெங்குவில் முன்னது மேலோங்கி நிற்கும். தசையும் சேர்ந்து நைவது அதற்கு ஒரு காரணம். இவற்றுள் ஏதேனும் ஒன்று 1,000 அலகை எட்டினால் அது கடுமையான டெங்கு என்று 2009-ஆம் ஆண்டு நெறி வரையறுக்கிறது.

ஐந்தாம் நாள் காலையில் சிறுவனின் காய்ச்சல் இறங்குகின்றது. நெற்றியைத் தொட்டுப் பார்த்த தாய் மகிழ்கிறாள். மூன்று இரவுகள் கண்விழித்தவள் சற்றே கண்ணயரவும் கூடும். இந்நோயின் வஞ்சகம் முழுவதும் இங்கேதான் இருக்கின்றது. பிற காய்ச்சல்களில் சூடு தணிவது நலத்தின் தொடக்கம். டெங்குவில் சூடு தணியும் வேளையே குழாய்கள் மிகுதியாகக் கசியும் வேளை. அடுத்து வரும் 24 முதல் 48 மணி நேரமே உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட காலம். காய்ச்சல் விட்டது என்று வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்ட குழந்தைகள் அன்றிரவே திரும்பக் கொண்டுவரப்பட்டதும், திரும்ப வாராமலே போனதும் பல நாடுகளில் நிகழ்ந்தவை.

சிறுவனின் கைகள் சில்லிட்டிருக்கின்றன. அவன் அமைதியின்றிப் புரள்கிறான். பிறகு சோர்ந்து கிடக்கிறான். சிறுநீர் குறைந்துவிட்டது. முதல் நாள் 36 விழுக்காடாக இருந்த குருதியின் செவ்வணுத் திட்டம் இப்போது 45 ஆகிவிட்டது. நீர் வெளியேறிவிட்டதற்கு இஃது அடையாளம். குருதித் தட்டணுக்கள் ஒரு நுண்லிட்டருக்கு 1,00,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. உடனே சிரை வழியாக உப்புநீர் ஏற்றப்படுகின்றது. இந்நோயின் வைரசைக் கொல்லும் மருந்து ஏதும் இல்லை. அளவறிந்து நீர் கொடுத்தல் ஒன்றே சிகிச்சை. குறைந்தால் நாடி ஒடுங்கும். மிகுந்தாலோ, கசியும் குழாய்களின் வழியே அந்நீரும் வெளியேறி நுரையீரலைச் சூழும். கசிவு நின்றபின் அது திரும்பக் குருதிக்குள் பாய்ந்து இதயத்தைத் திணறச் செய்யும். ஆதலின் மணிக்கு மணி நாடியையும் குருதி அழுத்தத்தையும் சிறுநீரையும் பார்த்து, சொட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் செவிலியர் காத்திருக்கின்றனர். சுசித்ரா அம்மையார் வகுத்த முறையின் உயிர்நாடி இக்காவல்தான்.

கல்லீரலுக்கு வருவோம். அதனைத் தாக்குவது வைரஸ் மட்டும் அன்று. வைரசை எதிர்க்க உடல் ஏவும் படையும் உயிரணுக்களை நையச் செய்கின்றது. அதிர்ச்சி நிலை நீடித்தால் மூன்றாவது இடர் சேருகிறது. குருதியின் பாய்ச்சல் குறைந்து, உயிர்வளி இன்றி ஈரலின் உயிரணுக்கள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. நொதிகள் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும் குழந்தைகளுள் பலர், நெடுநேரம் நாடி ஒடுங்கிக் கிடந்தவர்களே. ஆகவே தக்க வேளையில் ஏற்றப்படும் உப்புநீர் இதயத்தைக் காப்பதோடு ஈரலையும் காக்கின்றது.

நான்காவது இடர் ஒன்று உண்டு. அது வீட்டிலிருந்து வருவது, அன்பினால் வருவது. காய்ச்சலுக்கு எங்கும் கொடுக்கப்படும் மருந்து பாராசிட்டமால். அளவோடு கொடுத்தால் அது தீங்கற்றது; டெங்குவில் காய்ச்சலைத் தணிக்க ஏற்றதும் அதுவே. ஆஸ்பிரின், ஐபுபுரோபன் ஆகியவை குருதிக்கசிவை மிகுவிக்கும் ஆதலின் அவை விலக்கப்பட்டுள்ளன. குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குரிய அளவு. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே ஆறு மணி நேரம் இருத்தல் நன்று. பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் எளிதில் சிதைத்துவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சாக மாறும். அந்நச்சை முறிப்பதற்கு ஒரு பொருளைக் கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கின்றது. மூன்று நாள் உண்ணாமலும், உண்டதைக் கக்கியும் கிடக்கும் குழந்தையிடத்தில் அச்சேமிப்பு வற்றியிருக்கும்.

இனி நிகழ்வதைக் காண்க. தாய் ஒரு மருந்தகத்தில் இனிப்பு மருந்து வாங்குகிறாள். காய்ச்சல் விடவில்லை. பாட்டி வேறொரு மருத்துவரிடம் காட்டுகிறாள். அவர் மாத்திரை தருகிறார். அண்டை வீட்டார் தம் பிள்ளைக்குக் கேட்டது என்று ஆசனவாயில் வைக்கும் மருந்தொன்றைக் கொடுக்கின்றனர். மூன்றுக்கும் பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளிருப்பது ஒன்றே. டெங்குக் காய்ச்சலோ மருந்துக்குச் சற்றே இறங்கி, மூன்று மணி நேரத்தில் மீண்டும் ஏறும் இயல்புடையது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு வேளை மருந்து கூடுகின்றது. இவ்வாறு இரண்டு நாளில் பிள்ளையின் ஈரல் தாங்கும் எல்லை கடந்துவிடுகிறது. இதில் தாயைக் குறை கூறுதல் எளிது. மருந்துப் புட்டியின் மேல் வாணிகப் பெயரைப் பெரிதாகவும் மருந்தின் பெயரைச் சிறிதாகவும் அச்சிடுவோரை யாரும் குறை கூறுவதில்லை.

இந்நான்கும் ஒருங்கு சேர்ந்த குழந்தைகளுள் சிலருக்கு, மிகச் சிலருக்கே, கல்லீரல் செயலற்றுப் போகின்றது. அவர்களைப் பற்றி 1987-இல் சுசித்ரா அம்மையாரும் உடன் பணிபுரிந்தோரும் எழுதினர். பின்னர் மலேசிய மருத்துவர்களும் எழுதினர். அக்குழந்தை முதலில் எரிச்சலோடு அழும். பின்பு பகலிலும் உறங்கும். அழைத்தால் பொருந்தாத விடை சொல்லும். முடிவில் விடையே சொல்லாது. கல்லீரல் மாற்றாமல் விட்ட அம்மோனியா மூளையைச் சென்று தாக்குவதன் விளைவு இது. குருதியில் சர்க்கரையும் இறங்கிவிடும். உறைவுப் புரதங்களின் ஆக்கம் நின்றுபோகவே, தட்டணுக்களும் குறைந்துள்ள அவ்வுடலில் குருதிக் கசிவு கட்டுக்கடங்காமல் போகும். இந்நிலையில் சர்க்கரை நீரும் உறைவுப் பொருளும் ஏற்றி, அசிட்டைல் சிஸ்டைன் என்னும் முறிமருந்தும் கொடுத்துப் பார்க்கின்றனர். பிழைப்போர் உண்டு, பிழையாதவரும் உண்டு.

கைக்குழந்தைகளின் நிலை வேறொரு புதிரைக் காட்டியது. டெங்குவில் நான்கு வகை வைரஸ்கள் உள்ளன அல்லவா? ஒருமுறை ஒரு வகையால் நோயுற்றவர் அவ்வகையால் மீண்டும் நோயுறுவதில்லை. ஆனால் வேறு வகையால் இரண்டாம் முறை தாக்குண்டால், முதல் நோயில் உண்டான எதிர்ப்பொருள் காக்காமல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வைரஸ் உயிரணுவுக்குள் புகுவதற்கு அதுவே வழியாகிறது. 1960-களில் பாங்காக்கில் ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் இக்கருத்தை வலியுறுத்தினார். அப்படியாயின் பிறந்து எட்டு மாதமே ஆன குழந்தை, முதல் முறையிலேயே ஏன் கடுமையாக நோயுற வேண்டும்? தாயிடமிருந்து கருவில் பெற்ற எதிர்ப்பொருளே அதற்குக் காரணம். முதல் சில மாதங்கள் அது மிகுந்திருந்து குழந்தையைக் காக்கும். ஆறாம் மாதத்திற்குப் பின் அது குறைந்து, காக்கும் வலிமை இழந்து, வழிகாட்டும் அளவில் மட்டும் எஞ்சி நிற்கும். தாய் கொடுத்த கவசம் துருப்பிடித்தபின் பகைவனுக்குப் பயன்படுவது போன்றது இது. இப்பருவத்துக் குழந்தைகள் வாய்விட்டு வலியைச் சொல்ல மாட்டாதவர். ஆதலின் அவர்களிடத்தில் மருத்துவரின் விரல்நுனியில் தட்டுப்படும் கல்லீரல் விளிம்பு இன்னும் மதிப்பு மிக்க குறி ஆகின்றது.

நோயைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி என்னும் கொசுவைப் பற்றிப் பலரும் அறிவர். அது பகலில் கடிப்பது. சாக்கடையை விடுத்து வீட்டின் நல்ல நீரில் முட்டையிடுவது. பாங்காக் வீடுகளில் மழைநீர் பிடித்து வைக்கும் பெரிய தாழிகளும், எறும்பு ஏறாமல் இருக்க அலமாரியின் கால்களின் கீழ் வைக்கும் நீர்க்கிண்ணங்களும் அதற்குப் பிறப்பிடமாயின. அத்தகைய கிண்ணங்கள் தமிழர் வீடுகளிலும் உண்டு.

தாய்லாந்தில் இப்போது டெங்குவால் நோயுறுவோரில் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. கொசு ஒழிந்துவிடவில்லை, நோயும் குறைந்துவிடவில்லை. 1958-இல் இல்லாத மருந்து எதுவும் வைரசுக்கு எதிராகப் புதிதாய்க் கிடைத்துவிடவும் இல்லை. எந்நாளில் எதனைப் பார்க்க வேண்டும் என்பதை மருத்துவரும் செவிலியரும் அறிந்துகொண்டனர்.

மீண்டும் அச்சிறுவனிடம் செல்லலாம். ஏழாம் நாள் அவனுடைய குழாய்களின் கசிவு நின்றுவிட்டது. உப்புநீர் நிறுத்தப்பட்டது. கால்களில் செந்நிறத் தடிப்பு பரவி, இடையிடையே வெண்திட்டுகள் தோன்றியுள்ளன, சொறிந்துகொண்டே இருக்கிறான். பசிக்கிறது என்று கேட்கிறான். அது கேட்டுத் தாய் அழுகிறாள். ஐந்தாம் நாள் அழாதவள். அவனுடைய ஈரல் நொதிகள் மட்டும் இன்னும் இறங்கவில்லை. நோய் தணிந்தபின்னும் அவை ஒன்றிரண்டு நாள் ஏறிப் பிறகே இறங்கும். கல்லீரலுக்கு வேறெந்த உள்ளுறுப்புக்கும் இல்லாத ஒரு வலிமை உண்டு. இழந்த பகுதியை அது தானே வளர்த்துக்கொள்ளும். பாறையில் கட்டப்பட்ட பிரமித்தியசின் ஈரலைக் கழுகு பகலெல்லாம் கொத்தித் தின்றது என்றும், இரவில் அது மீண்டும் வளர்ந்தது என்றும் கிரேக்கர் கதை சொன்னார்கள். அறிந்து சொன்னார்களோ, அறியாமல் சொன்னார்களோ, தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தாய் அவனைக் காட்ட அழைத்து வருகிறாள். மருத்துவர் முன்போலவே அவனைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் செய்து, விரல்களை மேல்நோக்கி நகர்த்துகிறார். சிறுவன் கூச்சத்தால் சிரிக்கிறான். மூச்சை நன்றாக இழு என்கிறார் அவர். விரல் விலா எலும்பைத் தொட்டு நிற்கின்றது. அதன் கீழே ஒன்றும் தட்டுப்படவில்லை.